கல்லை எடுத்துட்டு போங்கண்ணே

லாரி டிரைவர் அண்ணன்மாருக்கு, லாரி ஓனருங்களுக்கு, டோல் ரோட்ட பாத்துக்கிற கம்பெனிக்காரங்களுக்கு, அவங்கள மேய்க்க வேண்டிய நெடுஞ்சாலை அதிகாரிங்களுக்கு எல்லாருக்கும் சேர்த்து, ரோட்டுல விட்டுட்டு போற கல்லையும் டயர் பட்டையையும் பத்தி ஒரே மடலா எழுதறேனுங்க. தனித்தனியா எழுதினா ஆளாளுக்கு அடுத்தவங்கள கைகாட்டிட்டு போயிருவீங்கன்னு தெரியும், அதனாலதான் எல்லாரையும் ஒரே வண்டில ஏத்திட்டேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன், இல்லன்னா கார் வச்சிருக்கறவன் லாரிக்காரன குறை சொல்ல வந்துட்டான்னு நெனைப்பீங்க. சங்ககிரி பக்கம் லாரி டிரைவர் மகன் நான். எங்க தெருவுல பத்து வீடு இருந்தா ஆறு வீட்ல டிரைவரோ ஓனரோ பட்டறைக்காரரோ பைனான்ஸ்காரரோ யாராவது ஒருத்தர் இருப்பாங்க. எங்கப்பா 31 வருஷம் லைன் வண்டி ஓட்டுனவரு, பாம்பே லைன், கல்கத்தா லைன் எல்லாம் போய்ட்டு வந்து எங்களுக்கு பேனா வாங்கி குடுத்தவரு. லாரி ஓடலன்னா எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சிருக்காது, நான் படிச்சிருக்க மாட்டேன், இப்ப மெட்ராஸ்ல உக்காந்து கணக்கு எழுதிட்டு இருக்கவும் மாட்டேன். அதனால இது எதிரி எழுதற கடுதாசி இல்ல, வீட்டு ஆள் எழுதறது.

போன தீபாவளிக்கு ஊருக்கு கார்ல கெளம்புனோம். நான், சம்சாரம், ரெண்டு பசங்க. காலைல நாலேகால் மணி இருக்கும், பசங்க பின்னாடி தூங்கிட்டு இருக்கு, நாலு வழிச்சாலை, ரோடு காலி, நான் ஒரு 95ல போறேன், எனக்கு லெப்ட்ல ஒரு லாரி. எந்த ரோடு, எந்த டோலுக்கும் எந்த டோலுக்கும் நடுவுலன்னு வேணும்னேதான் சொல்லல, சொன்னா அந்த ஒரு டோல் மட்டும்தான் மோசம்னு ஆயிரும், மத்தவங்க எல்லாம் அப்பாடான்னு உக்காந்துக்குவாங்க. முன்னால லேன்ல கருப்பா ஏதோ நீளமா தெரியுது. ஒட்டு போட்ட தாரா இருக்கும்னு நெனைச்சேன். பக்கத்துல போனதும்தான் அது எழும்பி நிக்குதுன்னு தெரியுது, டயர் பட்டை, ஒரு ஆள் நீளம், ரெண்டு முனையும் பாம்பு மாதிரி தூக்கிட்டு நிக்குது. லெப்ட்ல ஒடிக்க முடியாது லாரி இருக்கு, ரைட்ல டிவைடர், பிரேக் போட நேரமும் இல்ல. ஏத்திட்டேன்.

காருக்கு அடில யாரோ கடப்பாரைய விட்டு குத்துன மாதிரி ஒரு சத்தம்ங்க. முன் பம்பர் பாதி தொங்குது, அடில இருக்கிற பிளாஸ்டிக் கவர் கிழிஞ்சு ரோட்டுல இழுத்துட்டு வருது, கூலன்ட் ஒழுகுது, டயர் பட்டைல இருந்த இரும்புக் கம்பி குத்தி லெப்ட் பின்டயர் காத்து போயிருச்சு. எப்படியோ ஓரங்கட்டிட்டேன். பசங்க எந்திரிச்சு அழுவுது. ஹசார்டு லைட்ட போட்டுட்டு, அந்த செவப்பு முக்கோணத்த எடுக்கலாம்னு டிக்கிய தொறந்தா அது எங்க இருக்கு, மாமியாருக்கு கொண்டு போற முறுக்கு டின்னு, பட்டாசு பொட்டி, துணிப்பை எல்லாத்துக்கும் அடில பிளாஸ்டிக் உறை கூட பிரிக்காம கெடக்கு. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. எங்கப்பன் டிரைவருன்னு பெருமையா சொல்ற எனக்கே இதுதான் லட்சணம்.

சரி, அந்த பட்டைய போய் இழுத்து ஓரமா போட்டுரலாம்னு செல்போன் டார்ச்ச அடிச்சுட்டு ரோட்டோரமாவே பின்னால நடந்து போனேன், அதுக்குள்ள ரெண்டு லாரி அது மேல ஏறி இறங்கி, பட்டை நகந்து நகந்து ஓரத்து வெள்ளக்கோட்டுக்கு வந்துருச்சு. நான் ஒரு நூறு அடி தள்ளி இருக்கும்போதே பைக்ல ரெண்டு பசங்க வந்தாங்க, அவங்களும் தீபாவளிக்கு ஊருக்கு போறவங்கதான், நடுவுல பேக்கு. டார்ச்ச ஆட்டி கத்துனேன். என்னைய பாத்தாங்க, ரோட்ட பாக்கல. ஏறுனதும் வண்டி அப்படியே சாஞ்சு ரெண்டு பேரும் தேச்சுட்டே போனாங்க. நல்ல நேரம் பின்னாடி வண்டி எதுவும் வரல. ஓட்டுன பையனுக்கு காறை எலும்பு போச்சு, பின்னால இருந்தவனுக்கு முழங்கை முழங்கால் எல்லாம் தோல் உரிஞ்சு போச்சு, ஹெல்மெட் இருந்ததால தலை தப்பிச்சுது. 108 வண்டி இருவது நிமிஷத்துல வந்துருச்சு, அவங்களுக்கு ஒரு கும்பிடு.

போர்டுல இருந்த நம்பருக்கு போன் பண்ணி முக்கால் மணி நேரம் கழிச்சு அந்த டோல் ரோட்டோட ரோந்து வண்டி வந்துச்சு. வந்தவரு நல்ல மனுஷன்தான், பசங்களுக்கு தண்ணி பாட்டில் குடுத்தாரு, ஸ்டெப்னி மாத்த கூட நின்னாரு. எல்லாம் முடிஞ்சு, அந்த டயர் பட்டைய எடுத்தாரு, வெள்ளக்கோட்டுக்கு அந்தப்பக்கம் ஓரமா வீசிட்டு கைய தட்டிட்டு வந்தாரு. ஏங்க அங்க போடறீங்கன்னு கேட்டா, காலைல கிளீனிங் ஆளுங்க வந்து எடுப்பாங்க சார், லேன்ல இல்லைல்லன்னாரு. இந்த ஒரு பதில்தாங்க இத்தன நாளா எனக்கு தொண்டைல சிக்குன முள்ளு மாதிரி இருக்கு. ஓரம் யாரோட ரோடுங்க? கார்க்காரனோட ரோடா? பைக்காரன், டிவிஎஸ்50ல பால் கேன் கட்டிட்டு போறவன், சைக்கிள்காரன், பழனிக்கு நடந்து போற பாத யாத்திரை சனம், இவங்களோட ரோடு அது. கார்க்காரன் லேன்ல இருந்து எடுத்து பைக்காரன் லேன்ல போட்டுட்டு ரோடு கிளீன்னு எழுதிக்கிறீங்க. அந்த பட்டைய நான் எடுத்து முறுக்கு டின் மேல வச்சு ஊருக்கே கொண்டு போய்ட்டேன். பழைய இரும்பு கடை தராசுல வச்சு பாத்தேன், 6 கிலோவுக்கு கொஞ்சம் மேல இருந்துச்சு.

எங்கப்பா அத திண்ணைல போட்டு திருப்பி திருப்பி பாத்தாரு, ஜோசியக்காரன் கைய பாக்கற மாதிரி. நான் சொன்னேன், ரீட்ரெட் டயருப்பா, காசு மிச்சம் புடிக்கறேன்னு ஒட்டுப்போட்ட டயர ஓட்டி ஊரான் உசுர எடுக்கறானுங்கன்னு. அவரு சிரிச்சாரு. "கண்ணு, கம்பி எப்படி விரிச்சுட்டு நிக்குது பாரு. ஒட்டு விட்டிருந்தா பட்டை மட்டும் தனியா உரிஞ்சு வந்திருக்கும், அடில கம்பி தெரியாது. இது டயரே பிரிஞ்சு போனது. ஓரம் பாரு, வெந்திருக்கு. காத்து இல்லாம ஓட்டிருக்கான்"னாரு. அப்பறம் நான் நெட்ல தேடி பாத்தேன், அமெரிக்காவுல அரசாங்கமே ரோட்டுல கெடக்கிற லாரி டயர் துண்டுகள பொறுக்கி எடுத்துட்டு போய் ஆராய்ஞ்சு 2008ல ஒரு அறிக்கை போட்டிருக்காங்க, அதுலயும் இதேதான், ரீட்ரெட் டயருங்கறதுக்காக அது தனியா அதிகமா வெடிக்கறது இல்ல, ரோட்டுல கெடக்கிற பொருள் குத்தறதும் சூடும்தான் பெரிய காரணம்னு. அத்தன பக்கத்துல எழுதுனத எங்கப்பா திண்ணைல உக்காந்து ஒரு வாய் வெத்தலைக்குள்ள சொல்லிட்டாரு. அதனால ரீட்ரெட் பட்டறை அண்ணன்மாரே, உங்கள திட்டலாம்னு ஆரம்பிச்ச பாரா ஒண்ண அழிச்சுட்டேன். கேஸிங், அதான் ஒட்டு போடற பழைய டயரோட உடம்பு, நல்லா இருக்கான்னு பாக்காம, ரெண்டு மூணு தடவ ஒட்டுனதுக்கு மறுபடியும் ஒட்டி குடுக்கறவங்களுக்கு மட்டும் அந்த திட்டு இன்னும் பாக்கி இருக்கு.

காத்து விஷயம் கொஞ்சம் வெவரமா சொல்றேன், ஏன்னா இங்கதான் நெறைய பேரு, நான் உள்பட, தலைகீழா புரிஞ்சு வச்சிருக்கோம். வெயில் காலத்துல காத்த கொறைச்சு வை, இல்லன்னா சூடாகி விரிஞ்சு வெடிச்சிரும்னு ஒரு பேச்சு இருக்குல்ல? பஞ்சர் கடைலயே சொல்லுவாங்க. நெசம் என்னன்னா காத்து கம்மியா இருந்தா டயரோட பக்கவாட்டு ஒவ்வொரு சுத்துக்கும் நசுங்கி நிமிந்து நசுங்கி நிமிந்து, ஒரு இரும்புக் கம்பிய கைல வச்சு முன்னயும் பின்னயும் வளைச்சா சூடாகும் பாருங்க, அந்த மாதிரி உள்ளுக்குள்ள சூடு ஏறிட்டே போகும், ரப்பருக்கும் கம்பிக்கும் இருக்கிற பிடிமானம் விட்டுரும், ஒரு கட்டத்துல பட்டை அப்படியே கழண்டு பறக்கும். வெயில்ல காத்தோட அழுத்தம் ஏறறது உண்மைதான், கார் டயர்ல அஞ்சாறு டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்த அளக்கற கணக்கு) ஏறும், அத தாங்கறதுக்கு சேர்த்துதான் டயரே பண்ணிருக்காங்க. கம்மி காத்த தாங்கறதுக்கு பண்ணல.

2000த்துல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் டயர் விஷயம் பெருசா வெடிச்சுது, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டில போட்ட டயருங்க பட்டை உரிஞ்சு வண்டி உருண்டு உருண்டு ஆளுங்க செத்து, கடைசில 65 லட்சம் டயர திருப்பி வாங்குனாங்க. டயர் தயாரிப்புல தப்புன்னு ஃபோர்டும், வண்டிக்கு நீங்க சொன்ன காத்து அளவே கம்மின்னு ஃபயர்ஸ்டோனும் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டாங்க, 26 பிஎஸ்ஐ போதும்னு ஃபோர்டு சொல்லி வச்சிருந்தாங்க. அதுக்கப்பறம்தான் அங்க டயர் காத்து கொறைஞ்சா டாஷ்போர்டுல லைட் எரியற சமாச்சாரத்த கார்ல கட்டாயமாக்குனாங்க.

லாரில இன்னும் சிக்கல், ஜோடி டயரு. வெளி டயரு கண்ணுக்கு தெரியும், உள் டயருக்கு யாரு குனிஞ்சு பாக்கறா? உள்ளது பஞ்சராகி பாதி காத்துல இருந்தா அதோட பாரம் எல்லாம் வெளி டயருக்கு போகும், ரெண்டும் சேர்ந்து வேகும். டீக்கடைல நிறுத்துனதும் கிளீனரு எறங்கி கட்டையால டயர தட்டி தட்டி சத்தம் கேட்டுட்டு வருவாரு, நானும் சின்ன வயசுல லீவுக்கு அப்பா கூட போறப்ப பெருமையா தட்டிருக்கேன். சுத்தமா காத்து இல்லன்னா அது சொல்லிரும். ஆனா 110 இருக்க வேண்டிய எடத்துல 80 இருந்தா அந்த கட்டைக்கு தெரியவே தெரியாதுங்க. கேஜ் வச்சு பாக்கணும். ஒரு கேஜ் வெலை என்னண்ணே, ஒரு நாள் டீ செலவு.

எனக்கு தெரியும், டிரைவர மட்டும் சொல்லி பிரயோசனம் இல்லன்னு. டயர் மாத்தச் சொன்னா ஓனரு இன்னும் ரெண்டு நடை ஓடட்டும்பாரு. புது டயர் ஒண்ணு இருவதாயிரத்துக்கு மேல, பத்து சக்கர வண்டிக்கு கணக்கு போட்டு பாருங்க, வண்டி டியூ இருக்கு, டீசல், டோல், இன்சூரன்ஸ், வாடகை மட்டும் ஏறாது. அதனால லோடு ஏத்தற எடத்துல ரெண்டு டன் சேர்த்து ஏத்துவாங்க. ஓவர்லோடுக்கு 2019 மோட்டார் வாகன சட்டத் திருத்தத்துல 20,000 ரூபா, அதுக்கு மேல டன்னுக்கு 2,000ன்னு அபராதம் இருக்கு, அது யாரு கட்டறாங்க எப்படி கட்டறாங்கன்னு நான் எழுதி யாருக்கும் புதுசா தெரிய வேண்டியது இல்ல. டயர் பட்டன், அதான் ரோட்ட புடிக்கற மேடு, 1.6 மில்லிமீட்டருக்கு கீழ தேஞ்சா ஓட்டக் கூடாதுன்னு மத்திய மோட்டார் வாகன விதிலயே இருக்கு, எஃப்சிக்கு, அதான் வண்டி தகுதிச் சான்றுக்கு, காட்டற அன்னைக்கு மட்டும் நல்ல டயர வாடகைக்கு மாட்டிட்டு போய்ட்டு வந்து கழட்டற கதையும் எங்க ஊர்ல குழந்தைக்கு கூட தெரியும்.

ஓனருங்களுக்கு ஒரு விஷயம் மட்டும். டயர் வெடிச்சா அது தெய்வச் செயல், நாங்க என்ன பண்றதுன்னு சொல்லி தப்பிக்கற காலம் முடிஞ்சுருச்சு. 2010ல மகாராஷ்டிராவுல ஒரு கார், பின் டயர் வெடிச்சு பள்ளத்துல விழுந்து 38 வயசு மனுஷன் ஒருத்தர் செத்துட்டாரு, விபத்து இழப்பீடு டிரிப்யூனல் அவரு குடும்பத்துக்கு 1.25 கோடி குடுக்கச் சொல்லுச்சு, இன்சூரன்ஸ் கம்பெனி இது ஆக்ட் ஆஃப் காட், எங்க பொறுப்பு இல்லன்னு மேல போச்சு. 2023ல பம்பாய் ஹைகோர்ட் தெளிவா சொல்லிருச்சு, டயர் வெடிக்கறது தெய்வச் செயல் இல்ல, மனுஷனோட கவனக்குறைவுன்னு. வேகம், காத்து கம்மி, காத்து அதிகம், பழைய டயரு, சூடு, இதெல்லாம் பாக்காம விட்டுட்டு சாமி மேல பழிய போடாதீங்கன்னு. எங்கப்பாகிட்ட இத படிச்சு காட்டுனப்ப, "முனியப்பன் வந்து காத்து புடுங்கி விடறாரா, பாவம் அவரு"ன்னாரு.

இனி நான் இந்த மடல எதுக்கு ஆரம்பிச்சனோ அதுக்கு வர்றேன். கல்லு.

டிரைவர் அண்ணன்மாரே, வண்டி ரிப்பேராகி நடுரோட்டுல நின்னா என்ன பண்றீங்க? ஓரமா கெடக்கற கல்ல, முழங்கால் உயரத்து கல்லா பாத்து, நாலஞ்சு உருட்டிட்டு வந்து வண்டிக்கு பின்னால வரிசையா வைக்கறீங்க. சக்கரத்துக்கு அடை குடுக்க ரெண்டு. அது கூட வேப்பங்கொத்தோ சீமைக்கருவேல முள்ளோ ஒடிச்சு போடறீங்க. சரி, வேற வழி இல்ல, பின்னால வர்றவன் உங்க வண்டில வந்து சொருகாம இருக்கணும்ல, அதுக்கு ஏதோ ஒரு அடையாளம் வேணும். அது வரைக்கும் தப்பே இல்ல. மெக்கானிக் வர்றாரு, மூணு மணி நேரம் கழிச்சு வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஏறி உக்காந்து கெளம்பிடறீங்க. கல்லு? கல்லு அங்கயேதான் இருக்கு. முன்னால வண்டி நின்னா கல்லுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, லாரி லைட்டு பட்டு, ஓகோ வண்டி நிக்குதுன்னு தெரியும். வண்டி போனதுக்கு அப்பறம் அந்த கல்லு வெறும் பொறி. ராத்திரில ஒண்ணுமே இல்லாத ரோட்டுல நாலு கல்லு வரிசையா நிக்கும்னு எவன் நெனைப்பான்?

அதுல ஏறி டயர் கிழிஞ்ச வண்டி அங்க தள்ளி போய் நிக்கும், அவன் பங்குக்கு நாலு கல்ல வைப்பான், அவனோட டயர் பட்டையும் அங்க கெடக்கும். இப்ப எடம் ரெண்டாச்சு. பட்டைல ஏறி நான் நின்னேன், என் பம்பர் துண்டு ரெண்டு கெடந்துச்சு, பைக் பசங்களோட கண்ணாடி சில்லு கெடந்துச்சு. ஒரு வண்டி விட்டுட்டு போறது அடுத்த வண்டிக்கு பஞ்சர், அடுத்த வண்டி விட்டுட்டு போறது அதுக்கடுத்தவனுக்கு கை காலு. அப்பா சொல்லுவாரு, அந்தக் காலத்துல அவரோட குரு, அதான் அவருக்கு வண்டி பழக்கி விட்ட பெரிய டிரைவரு, வண்டி ரெடியானதும் கிளீனரா இருந்த எங்கப்பாவ ஏத்தவே மாட்டாராம், "கல்ல எண்ணிட்டயா"ன்னு கேப்பாராம். வச்சது ஆறுன்னா ஆறையும் எடுத்து பள்ளத்துல போட்டுட்டு வந்து ஆறுன்னு சொன்னாத்தான் கியர் விழும். ஒரு தடவ வதோதரா பக்கம் மழைல அஞ்சுதான் எடுத்துட்டு ஆறுன்னு பொய் சொல்லி, அந்தாளு எறங்கி போய் டார்ச் அடிச்சு பாத்துட்டு வந்து வச்ச அறைல காது ரெண்டு நாள் கேக்கலையாம். இத சொல்லும்போது அவருக்கு இப்பவும் கைதான் மொதல்ல காதுக்கு போகும்.

கல்லு மட்டும் இல்ல. ஜல்லி லாரி, எம்சாண்ட் லாரி தார்ப்பாய் போடாம வழிச்சுட்டே போகும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு கூடை ஜல்லி ரோட்டுல. கரும்பு டிராக்டரு போன தடம் சர்க்கரை ஆலை சீசன்ல எங்க ஊர் குழந்தைங்களுக்கு கொண்டாட்டம், பின்னாடி வர்ற பைக்காரனுக்கு கண்டம். வைக்கோல் லாரி, தேங்கா மட்டை, கயிறு சரியா கட்டாத பிளைவுட்டு, பிளாஸ்டிக் சேரு, ஒரு தடவ பைபாஸ்ல நடு லேன்ல ஒரு பீரோ கதவ பாத்தேன். அமெரிக்காவுல ஏஏஏ பவுண்டேஷன்னு ஒரு அமைப்பு 2016ல கணக்கு போட்டு சொன்னாங்க, ரோட்டுல கெடக்கற சாமானால நாலு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல விபத்து, 500 பேருக்கு மேல சாவு, அதுல மூணுல ரெண்டு பங்கு சரியா கட்டாத லோடும் சரியா பராமரிக்காத வண்டில இருந்து விழுந்த பாகமும்தான்னு. செத்தவங்கள்ல 100க்கு 37 பேரு அந்த சாமான்ல இடிக்கல, இடிக்கக் கூடாதுன்னு ஒடிச்சு திருப்புனதுல செத்தாங்க.

நம்ம ஊர்ல இந்த மாதிரி கணக்கே வராது, ஏன் வராதுன்னு சொல்றேன். 2022ல தமிழ்நாட்டுல 64,105 விபத்து, 17,884 பேரு சாவு, விபத்து எண்ணிக்கைல நாட்டுலயே நம்மதான் மொதல். காரணம் எழுதற கட்டத்துல பாத்தா நாடு முழுக்க செத்தவங்கள்ல 100க்கு 71 பேரு அதிவேகத்தால. எஃப்ஐஆர்ல ஒரே வரிதான், அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து. கல்லு மேல ஏறி கவுந்தவனும் அதிவேகம்தான், டயர் பட்டைக்கு ஒடிச்சு டிவைடர்ல மோதுனவனும் அஜாக்கிரதைதான். போலீஸ்காரரு வர்றதுக்குள்ள அந்த கல்ல யாரோ தள்ளி போட்டிருப்பாங்க. கல்லு மேல கேசு போட முடியாதுல்ல. அதிவேகம் பொய்யின்னு சொல்லல, நானே 95ல போனவன், 80ல போயிருந்தா பாத்திருப்பேனோ என்னவோ. ஆனா அந்த வரிக்கு அடில எத்தன கல்லு ஒளிஞ்சிருக்குன்னு எண்ண எவனும் குனியல.

டோல் கம்பெனிக்காரங்களே, உங்களுக்கு ஒரு பழைய கதை. 2000 ஜூலை 25, பாரிஸ் ஏர்போர்ட். கன்கார்டு விமானம், ஒலிய விட வேகமா பறக்குமே அது, ரன்வேல ஓடுது. அதுக்கு கொஞ்ச நேரம் முன்னால பறந்த வேற விமானத்துல இருந்து ஒரு உலோகப் பட்டி கழண்டு விழுந்து கெடக்கு, ஒன்றரை அடி கூட இருக்காது, அவ்வளவுதான். கன்கார்டு டயரு அதுல ஏறி வெடிச்சு, டயர் துண்டு ஒண்ணு, நாலரை கிலோ, போய் றெக்கைல இருக்கிற எரிபொருள் டேங்க்ல அடிச்சு தீ புடிச்சு 113 பேரு செத்தாங்க. நாலரை கிலோங்க. எங்க மொட்டை மாடில இப்ப கெடக்கறது அத விட பெருசு. ஏர்போர்ட்ல ரன்வேய ஆளு வச்சு சுத்தி சுத்தி பாக்கறது இதுக்குத்தான். உங்க ரோட்டுல அந்த அளவுக்கு கேக்கல. ஃபாஸ்டேக்ல என் வண்டி உங்க கேட்ட தாண்டுன செகண்டு வரைக்கும் உங்களுக்கு தெரியுது, பேலன்ஸ் இல்லன்னா கூட சேர்த்து புடிக்க தெரியுது, அதே ரோட்டுல ஆறு கிலோ டயரு எத்தன மணில இருந்து கெடக்குன்னு ஏன் தெரியல?

ரோந்து வண்டி எத்தன மணிக்கு எந்த கிலோமீட்டர் கல்ல தாண்டுச்சு, என்ன எடுத்துச்சுன்னு டோல் பூத்துல ஒரு போர்டுல எழுதி வைங்க, நாங்க வரிசைல நிக்கறப்ப படிச்சுக்கறோம். எடுக்கற சாமான வண்டிலயே ஏத்திட்டு போங்க, ஓரமா வீசாதீங்க, அதுக்கு பின்னால ஒரு தொட்டி இல்லாத ரோந்து வண்டி எதுக்கு? லே-பைல, அதான் லாரி ஓரங்கட்டி நிறுத்தற எடத்துல, நாலு எடத்துல பழைய டயர் போடறதுக்கு கூண்டு வைங்க, ரப்பருக்கு காசு இருக்கு, வாங்க ஆளு வரும். அதிகாரிங்களே, பராமரிப்பு சரியில்லாம உசுரோ ஊனமோ போனா ரோட்டுக்கு பொறுப்பானவங்களுக்கு 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு 2019 சட்டத்துல 198ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. அத கையெழுத்து போட்டவங்களாச்சும் ஞாபகம் வச்சிருக்கீங்களா?

என்னைய மாதிரி கார்க்காரங்களும் இத படிப்பீங்க, சந்தோஷப்பட்டுக்காதீங்க. அன்னைக்கு நான் மாட்டுன ஸ்டெப்னி டயரோட பக்கவாட்டுல அப்பா விரல வச்சு காட்டுனாரு, 1512ன்னு நாலு நம்பரு. 2012ல 15வது வாரம் செஞ்ச டயருன்னு அர்த்தம். அத மாட்டிட்டு, பொண்டாட்டி புள்ளைங்கள வச்சுட்டு மிச்ச தூரம் ஓட்டிருக்கேன். பட்டன் எல்லாம் புதுசாதான் இருந்துச்சு, ரப்பரு செத்து போயிருந்துச்சு. அப்பா எதுவும் சொல்லல, அது அறைய விட மோசம். இப்ப டிக்கில முக்கோணம் மேலயே இருக்கு, காத்து கேஜ் இருக்கு, 1033ங்கற ஹைவே நம்பரு மனப்பாடம். டயர் வெடிச்சா பிரேக்க மிதிக்காத, ஸ்டேரிங்க நேரா புடிச்சுட்டு கால மட்டும் எடு, வண்டி தானா வேகம் கொறையட்டும்னு சம்சாரத்துக்கும் சொல்லி குடுத்திருக்கேன், அவதான் என்னைய விட நல்லா ஓட்டறா.

அந்த காறை எலும்பு போன பையன் ஆஸ்பத்திரில நம்பர் வாங்கிக்கிட்டான், அப்பப்ப கூப்புடுவான். போன வாரம் போன் பண்ணி, அண்ணா பைக் ஓட்ட ஆரம்பிச்சுட்டேன், ஆனா ஓரமா போனா கீழ என்ன கெடக்குமோன்னு பயமா இருக்கு, உள்ள வந்து ஓட்டுனா லாரிக்காரன் ஹாரன் அடிச்சு அணைக்கறான், நான் எதுலண்ணா ஓட்டறதுன்னு கேட்டான். எனக்கு பதில் தெரியலைங்க. அவன் நம்பர உங்களுக்கு தர முடியாது, நீங்க எனக்கு சொன்னீங்கன்னா அவன்கிட்ட சொல்லிடறேன்.

இப்படிக்கு,
சங்ககிரி லாரி டிரைவர் மகன்